பாவ் அண்ணனின் சமாதானக் கிண்ணம்

ஷாங்காய் மாநகரப் பொதுஜனங்களுக்கு அறிவிப்பது யாதெனில்: நகரமே நடுங்கும் இரும்புத்தலை பாவ், இன்று காலை எட்டு மணிக்கு, டிங்கின் தேநீர்க் கடை மாடியில், தன் பரம எதிரி நெட்டை சூவைப் பெரிய மனதோடு மன்னிக்க இருக்கிறார்.

மன்னிப்புக்குத் துணையாக மாடிப்படியில் நாற்பது பேர், அங்கிக்குள் கத்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். சூ, வழக்கத்தை நம்பி வெறுங்கையோடு தனியாக வந்திருந்தார்.

வழக்கம் ஊரறிந்தது. கறுப்புத் தேநீரையும் பச்சைத் தேநீரையும் ஒரே கிண்ணத்தில் கலந்து இருவரும் குடித்தால் சமாதானம். கிண்ணத்தைத் தரையில் போட்டு உடைத்தால் சண்டை.

"கிண்ணம் உடையிற சத்தம் கேக்கணும். அதுவரைக்கும் எவனும் அசையக் கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் பாவ் படியேறினார். சொல்லவே வேண்டியதில்லை. போன தடவை யாரோ தும்மியதற்கே பாய்ந்தவனுக்கு இப்போது வலது கையில் நான்கு விரல்தான்.

டிங் கும்பிட்டார். "அண்ணே, மூணு தடவை என் கடையில சமாதானம் பேசினீங்க. மூணு தடவையும் மேசை நாற்காலியெல்லாம் விறகாப் போச்சு. கடைசியா வாங்கினது பொண்டாட்டி வளையலை வித்து. இனி விக்க அவ கையில ஒண்ணுமில்லீங்க."

"என்னை என்ன ரவுடின்னு நினைச்சியா?" பாவுக்கு மனம் புண்பட்டுவிட்டது. "குடிக்கத்தானேய்யா வந்திருக்கேன்."

நீலப் பூப்போட்ட புத்தம்புதுக் கிண்ணம் வந்தது. டிங் இரண்டு தேநீரையும் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கிண்ணத்தைத் துண்டால் சுற்றி, இரு கைகளாலும் ஏந்தி வந்தார்.

"பாத்துக்க சூ, மரியாதைன்னா இது! வெறுங்கையால தொடக்கூட மாட்டேங்கிறான்."

சூ ஒரு வாய் குடித்தார். சுட்ட உதட்டைத் தடவிக்கொண்டே கிண்ணத்தைத் துண்டோடு நீட்டினார்.

பாவ் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஏழு தலைமுறைக் கௌரவம்டா எனக்கு! நீ எச்சில் பண்ணினதை நான் குடிக்கணுமா? நெட்டைப் பயலே, தொலைஞ்சடா நீ!"

துண்டை உதறி எறிந்தார். கிண்ணத்தை ஓங்கித் தரையில் அடித்தார்.

டணங்!

கிண்ணம் எகிறியது, மேசைக்கடியில் உருண்டது, பம்பரமாய்ச் சுற்றியது, பாவின் காலடியில் வந்து சமர்த்தாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

படியில் ஒருவரும் அசையவில்லை. 'வாங்கடா' என்று கூப்பிடலாம்தான். ஆனால் கிண்ணம் உடையாமலே சண்டைக்குப் போனவன் என்று நாளைக்கு ஷாங்காய் முழுக்கச் சிரிக்கும். பாவ் ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

கீழேயிருந்து பணிவாக ஒரு குரல் வந்தது. "அண்ணே... இதை உடைஞ்சதா எடுத்துக்கலாமா?"

டிங் குனிந்து கிண்ணத்தை எடுத்தார். துண்டால் துடைத்து, மறுபடி தேநீர் ஊற்றி, பாவிடம் நீட்டினார்.

"இரும்புல எனாமல் பூசினதுங்க. உடையாது."