நாற்காலியைத் தாண்டி

மருத்துவமனை வராந்தாவின் இரண்டு முனைகளிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகள் நிற்கின்றன. காலமெல்லாம் தெருத்தெருவாகக் கடிதம் சுமந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒன்றைச் சுற்றி மற்றொன்றை நோக்கி நடக்கிறார். செருப்பு சட்சட்டென்று தரையில் அடிக்கிறது. மூச்சிரைப்புக்கு ஒரு மாத்திரை கண்டுபிடிக்கிறேன் என்று வருஷக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்ட டாக்டரம்மா, ஸ்டாப்வாட்சும் கையுமாகச் சுவரோரம் நிற்கிறாள். ஆறு நிமிஷத்தில் அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதுதான் சோதனை. அவள் அவரோடு சேர்ந்து நடக்கக் கூடாது, கைதட்டக் கூடாது, குரலில்கூட ஆசை தெரியக் கூடாது. வராந்தா நடுவில் ஒரு நாற்காலி. அவள் கண்டுபிடித்த மாத்திரையைச் சாப்பிடத் தொடங்குமுன் ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சு வாங்கி வந்து விழுந்த நாற்காலி அது. அதன் முதுகைப் பிடித்தபடி அவர் மனைவி இப்போதும் தயாராக நிற்கிறாள். ஜன்னல் வெயிலில் அவர் நிழல் நாற்காலிமேல் ஏறுகிறது, இறங்குகிறது, போய்விடுகிறது. மனைவி வாயைத் திறந்தபடி பார்க்கிறாள். டாக்டரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனாலும் பாடம் ஒப்பிப்பதுபோல், “நல்லா நடக்கறீங்க, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு எதுவும் வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். கடைசியில் ஸ்டாப்வாட்ச் கீகீயென்று கத்துகிறது. “போதும், நில்லுங்க.” செருப்புச் சத்தம் நிற்கவில்லை. “ஏங்க, டாக்டர் நிக்கச் சொல்றாங்க இல்ல?” என்கிறாள் மனைவி. அவர் திரும்பாமலே தூரத்துக் கூம்பைக் கைகாட்டுகிறார்: “இரு, அந்தக் கடைசி வீட்டையும் பார்த்துட்டு வந்துடறேன்.”