நீல ரிப்பன் கட்டிய கொடி

நீல ரிப்பன் கட்டியிருந்த திராட்சைக் கொடியின் முன்னால் கவாத்துக்காரி நின்றுவிட்டாள்.

ஒவ்வொரு வெட்டும் மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக விழுந்திருந்தது. காய்ந்த கிளை ஒன்றுகூட மிச்சமில்லை. காய்க்கப்போகிற கிளையில் கத்திரி படவே இல்லை.

தோட்டத்தில் கிளை வெட்டிக் கவாத்து செய்யத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போய், கடைசியில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் அவளையும் கூப்பிட்டுப் பார்த்தார். வீட்டுக்காரரை விட்டுவிட்டு எங்கே போவது என்று மறுத்துவிட்டாள்.

அதனால் ஆள் பொறுக்கித் தருகிற வேலை அவள் தலையில் விழுந்தது.

வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கக் கூடாதாம். ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு நிறத்தில் ரிப்பன். வெட்டி முடித்தவர்களை ஏஜென்ட் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி வைத்த பிறகுதான் அவளை உள்ளே விட்டார்.

வெளிநாட்டுக்குப் போக இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி.

"இந்த ஆளை விட்டுறாதீங்க. நானே வெட்டின மாதிரி இருக்கு" என்றாள். சொல்லும்போதே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏஜென்ட் கொட்டகைப் பக்கம் பார்த்து நீல ரிப்பனைக் கூப்பிட்டார்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், அவள் வீட்டுக்காரர்.

பலசரக்குக் கடையில் எடை போடுகிறவர். அவள் கத்திரியை ஒருநாளும் தொட்டுப் பார்க்காதவர். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலியோரம் உட்கார்ந்து அவள் வெட்டுவதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். கூட வேலை செய்த பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்வார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

கண்ணால் பார்த்தது சரி. கை எங்கே பழகியது, யார் தோட்டத்தில்?

"உறுதிதானே அக்கா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார் ஏஜென்ட். இருவரும் புருஷன் பெண்டாட்டி என்று அவருக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் அவள் பக்கம் திரும்பவில்லை. மற்ற ஆட்களைப் போலவே ஏஜென்ட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் மறுபடியும் கொடியைப் பார்த்தாள். ஒரு குறையாவது கண்ணில் படாதா என்று தேடினாள்.

"சொன்னது சொன்னதுதான்" என்றாள். யாரோ பேசுவதுபோல் இருந்தது.

அவர் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.