நாலாவது பூச்சு

"மறுபடியும் கைரேகை! பாரு, கிட்டார் முதுகுல கட்டைவிரல் அப்படியே பதிஞ்சிருக்கு," என்றார் கணவர்.

"வார்னிஷ் காயறதுக்குள்ள தொட்டிருப்பீங்க. பொறுமைதான் உங்களுக்கு மருந்துக்கும் கிடையாதே," என்றாள் மனைவி.

"கத்துக்குட்டி வேலைதானே! தேய்ச்சுட்டு நாலாவது பூச்சு அடிக்கிறேன்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரிட்டயரானதிலிருந்து வாயே திறக்காமல் இருந்தவர், இந்தப் பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைப் புதுப்பிக்க ஆரம்பித்த பிறகுதான் கலர் எப்படி, பளபளப்பு போதுமா என்று அவளிடம் பேசுகிறார். அவளும் அக்கா வீட்டுச் சமாசாரம், மாடிவீட்டுப் பூனை என்று ஊர்க்கதையெல்லாம் அளந்தாள்.

"சரி, இது முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

"வாசிக்கக் கத்துக்குவேன். கவலைப்படாதே, ரூம் கதவைச் சாத்திட்டு, காதுல ஹெட்போன் மாட்டிக்குவேன். உனக்குத் தொந்தரவே இருக்காது."

அவள் பேச்சு சட்டென்று நின்றது.

அவர் உப்புத்தாளோடு குனிந்தார். ரேகையின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று ஓடியது. எப்போதோ காய் நறுக்கும்போது கத்தி கிழித்து, அவள் கட்டைவிரலில் நிலைத்துவிட்ட தழும்பு. முதல் பூச்சிலேயே அதைப் பார்த்துவிட்டார். காரணம்தான் இப்போது புரிந்தது.

அவள் கண்ணில் படுமுன் அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்தார்.

"எதுக்கும் இன்னும் ரெண்டு டப்பா வார்னிஷ் வாங்கி வச்சுடுவோம்," என்றார்.