பதுளையில் தெரிந்த பெயர்

"கோர்ட்டுக்குப் பயந்து ஒளியிறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, நாளைக்கு எம் புள்ள கோர்ட்டு வாசல்ல நிக்கவா?"

பேச்சியம்மாவின் குரல் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டது. காது மந்தமானவர்கள்கூட வெளியே வந்து நின்றார்கள்.

"பயமில்ல அத்தை. நேரமில்ல," என்றான் சோலைமலை.

கொட்டகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டியவன் அவன். கடைவீதியில் ஒரு துணிக்கடைப் பலகையை இடித்ததற்காக அட்டன் கோர்ட்டில் வழக்கு. முதல் தவணையன்று மழை. அடுத்த தவணையன்று மாரியம்மன் திருவிழா. அதற்கடுத்ததை மறந்தே போனான். வராதவனின் லைசனை நீதவான் நிறுத்தி வைத்துவிட்டார்.

"அட்டன்லதானே நிப்பாட்டுனாங்க? வேற ஊர்ல எடுத்துக்கிறேன்."

"போன மாசம் கண்டிக்குப் போயி என்னத்தக் கிழிச்சீங்க?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பூரணி கேட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவள், கேட்கத்தானே செய்வாள்.

கண்டியில் அவன் பெயரைச் சொன்னதுமே கையை விரித்துவிட்டார்கள். ஓரிடத்தில் நிறுத்தினால் இலங்கை முழுக்க நிறுத்தியதாம்.

"தைக்குள்ள லைசனோட வா. இல்லாட்டி நான் வேற மாப்பிள்ள பாக்குறேன்." பேச்சியம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அழகுமுத்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். பதுளைப் பக்கமிருந்து வந்து தேயிலை ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தவன். ஏனோ தினமும் பேச்சியம்மா வீட்டுத் தேத்தண்ணிதான் அவனுக்கு ருசிக்கும்.

"பேருதானே மாப்ள ஒனக்கு எடைஞ்சலு? எம் பேருல எடு. நான் மாட்டு வண்டிகூட ஓட்டுனதில்ல, எம் பேருல லொறிக் கேஸு எங்கேருந்து வரும்?"

"நெசமாவா?"

"கண்டி வேணாம், பதுளைக்குப் போ. அங்க எம் பேரச் சொன்னாலே போதும், ஒக்கார வச்சுப் பேசுவாங்க."

"அப்ப நீயும் கூட வாயேன்."

"எனக்கு ரயில்ல தல சுத்தும் மாப்ள."

இப்படியும் ஒரு சிநேகிதனா என்று சோலைமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

பதுளையில் ஏற்றத்தில் லொறியைப் பின்னுக்கு எடுத்துக் காட்டியபோது, பரிசோதகர் குணரத்தினத்துக்கே முகம் மலர்ந்தது. யாழ்ப்பாணத்து மனிதர், லேசில் சிரிக்கமாட்டார்.

"நல்லா ஓட்டுறீர். பேர் என்ன சொன்னனீர்?"

"அழகுமுத்துங்க." தகப்பன் பெயர், பிறந்த தோட்டம் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"அப்பிடியே? கொஞ்சம் இரும்."

அழகுமுத்து சொன்னபடியே உட்காரத்தான் வைத்தார்கள். பிறகு பொலிஸ்காரர் ஒருவர் வந்தார்.

"உம்மைக் கோர்ட்டில கனகாலமாத் தேடுகினம்," என்றார் குணரத்தினம். "பெண்சாதியை விட்டிட்டு ஓடினால் லைசன் தருவினமே?"

மறுநாள் கூண்டில் நின்றபடி சோலைமலை கணக்குப் போட்டுப் பார்த்தான். நான் அழகுமுத்து இல்லை என்றால் ஆள் மாறாட்டத்துக்கு உள்ளே. ஆமாம் என்றால் பெண்சாதி வழக்குக்கு உள்ளே. அடையாளம் காட்ட வருகிற அந்தப் பெண்சாதி பார்த்துவிட்டு, "இது வேற அழகுமுத்துங்க" என்று சொன்னால் தப்பலாம். ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர் இல்லையா என்ன?

காளியாயி வந்தாள். இஸ்திரி போட்ட சட்டையையும் சுருட்டை முடியையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"ஒன்னை விட்டுட்டுப் போனது இந்த ஆளா?" என்று கேட்டார்கள்.

அவள் பொலிஸ்காரர் பக்கம் திரும்பினாள். "லொறியெல்லாம் ஓட்டுவாராங்க?"

"நல்லா ஓட்டுவாராம்."

காளியாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இவருதாங்க எம் புருசன். சேந்து வாழுறதுன்னா வழக்க விட்டுர்றேன்."

சோலைமலை வாயைத் திறந்தான். கம்பிக் கதவு கண்ணில் பட்டதும் மூடிக்கொண்டான்.

அவன் கொட்டகலைப் பக்கம் திரும்பவே இல்லை. பதுளையில் மரக்கறி லொறி ஓட்டுகிறான், அழகுமுத்து என்ற பெயரில். தை பிறந்ததும் பூரணிக்கும் கல்யாணம் நடந்தது. தினமும் தேத்தண்ணி குடிக்க வந்தவன், இப்போது அந்த வீட்டிலேயே குடிக்கிறான்.

மருமகனைப் பற்றி விசாரித்தவர்களிடம் பேச்சியம்மா பெருமையாகச் சொன்னாள்:

"லொறி ஓட்டத் தெரியாதுதான். ஆனா எங்க அழகுமுத்து, கோர்ட்டுப் படிய மிதிச்சதே இல்ல."