காது கொடுக்கும் கலை

கை ஒடிந்து தேறியவர்களுக்குத் மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சைக் கூடத்தில் குழு ஆலோசனை. மூலையில் தலைமை மருத்துவர். அவர் தலையசைத்தால் ஆலோசகருக்கு வேலை நிரந்தரம். முகம் சுளித்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான். கடைசியாக வந்து உட்கார்ந்த அம்மாளைக் கண்டதும் ஆலோசகர் சட்டென்று பார்வையைக் குறிப்பேட்டுக்குத் திருப்பினார்.

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்றார்.

"பல்பு மாத்துங்கன்னு வீட்டுக்காரர்கிட்ட கரடியாக் கத்தினேன். காதுலயே போட்டுக்கலை. நானே ஸ்டூல்ல ஏறி விழுந்தேன்."

குறுக்கே பேசாமல் கேட்டு முடித்த ஆலோசகர், பயிற்சியில் படித்தபடி அவள் மனதை அவளுக்கே திருப்பிச் சொன்னார்: "உங்க பேச்சுக்கு மதிப்பில்லைன்னு வருத்தப்படறீங்க."

"ஆமாங்க!" அம்மாள் அழுதேவிட்டாள்.

தலைமை மருத்துவர் சொக்கிப்போனார். "இவர் மாதிரி புருஷன் வாய்ச்சிருந்தா உங்க கை ஒடிஞ்சிருக்காதும்மா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவரேதான் வாய்ச்சார், டாக்டர்."