நான்காவது ஸ்லைடு

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவர் மனைவி, மருமகள், மலேரியா சோதனைக்கு வந்த சுகாதார ஊழியர். வீட்டார் மூவரின் விரலிலும் குத்தி, கண்ணாடி ஸ்லைடுகளில் ரத்தம் எடுத்துப் போனார் ஊழியர். மறுநாள் மாத்திரைகளோடு வந்தார்.

"உங்க மூணு பேருக்கும் ஒண்ணுமில்ல சார். நாலாவது ஸ்லைடுலதான் மலேரியா. உங்க பையனோடது."

"அவன் காட்டுல ரோடு போடப் போயி ரெண்டு வருஷமாச்சு. மறைச்சுப் பேசுற குடும்பம் இல்ல இது."

"நான்தானே சார் குத்தினேன்? விரல் அனலாக் கொதிச்சுது. நகமெல்லாம் தார்."

மருமகள் கணவனை அழைத்து, போனை மாமனாரிடம் நீட்டினாள்.

"எட்டு நாளாக் காய்ச்சல்ப்பா. நேத்து யாரோ விரல்ல குத்தினாங்க, மாத்திரை தரல. நோய் பரவும்னு முகாமை விட்டு யாரையும் வெளிய விடல."

தலைமையாசிரியர் மாத்திரைகளோடு இரண்டு பஸ் மாறி முகாம் வாசல்வரை போனார். காவலாளி அவரை உள்ளே விடவில்லை, மாத்திரைகளையும் வாங்கவில்லை. அதன்பின் மகனின் எண் கிடைக்கவில்லை.

அந்த வாரம் தெருவில் மூன்று வீடுகளில் மலேரியா கண்டது. "வாத்தியார் வீட்டுக் கொசு மட்டும் சொல்பேச்சு கேக்குமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். காய்ச்சலோடு வந்த மகனைத் தலைமையாசிரியர் பின்னறையில் ஒளித்து வைத்திருந்ததாகத் தெருவில் இன்றும் பேச்சு இருக்கிறது. அது பொய். மகன் வீட்டுக்கு வரவேயில்லை.