பச்சைக் கண் ரேடியோ

"எடுத்துட்டுப் போயிடுங்க சார். இதப் பாக்கப் பாக்க எனக்கு மனசு தாங்கல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் லூர்துமேரி.

புருஷோத்தமன் ரேடியோவை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பழைய ரேடியோ, டேப்ரெக்கார்டர் என்று ஊர் ஊராகத் தேடி வாங்கிச் சேர்க்கிற ஆசாமி அவர். விற்பனைக்கு என்று இவள் போனில் போட்டிருந்த படத்தைப் பார்த்ததும், புதுச்சேரியிலிருந்து மரக்காணத்துக்குக் காரை விரட்டிக்கொண்டு வந்துவிட்டார். வந்த இடத்தில் கண்ணீரை எதிர்பார்க்கவில்லை.

கட்டிலின் மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது அந்த வால்வு ரேடியோ. மரப்பெட்டி, வெள்ளை வெளேரென்ற பொத்தான்கள், ஸ்டேஷன் சரியாகச் சிக்கினால் பளிச்சென்று எரியும் பச்சைக் கண். இப்படி ஒன்றுக்காக மனுஷன் எத்தனை பழைய சாமான் கடை ஏறி இறங்கியிருப்பார்! தூக்கத்தில்கூட அந்தப் பச்சைக் கண் வரும்.

வழக்கமாக என்றால், "கூடுதான் நல்லாருக்குது, உள்ள எல்லாம் போச்சு" என்று உதட்டைப் பிதுக்கி ஆரம்பிப்பார். பேரத்தில் புலி. இன்று பேரம் பேச மனசு வரவில்லை.

ரேடியோவைத் திருப்பிப் பார்த்தார். உப்பளக் காற்று அடிக்கிற ஊர். கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவிலோ ஒரு திருகாணியில்கூடத் துரு இல்லை. எண்ணெய் வாசம் புதிதாக அடித்தது.

"எவ்ளோ பாசமா துடைச்சு வெச்சிருக்கீங்கம்மா!"

"நானா? நான் இதத் தொட்டதுகூட இல்ல சார். எங்க வீட்டுக்காரரு தொட விட்டாத்தானே! அவருக்கு இதுதான் உசுரு. கட்டில்ல பாதி இடம் இதுக்குத்தான்." மறுபடியும் அவள் கண் கலங்கியது.

புருஷோத்தமன் ரேடியோவிலிருந்து மெல்லக் கையை எடுத்துக்கொண்டார். ஐயோ பாவம், இந்த வயசில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறாளே! அந்த மனுஷர் உயிராக வைத்திருந்த பொருளைப் பார்க்கச் சகிக்காமல் தள்ளிவிடப் பார்க்கிறாள். நாளைக்கே மனசு மாறினால் யாரைப் போய்க் கேட்பாள்?

'அடப் போய்யா, நீ வாங்காட்டி வேற எவனாவது வாங்கிட்டுப் போவான்' என்றது உள்ளே இருந்த இன்னொரு மனசு. அந்த மனசு சொன்னபடியே ரேடியோவைப் போர்வையில் சுற்றி, வாசல் வரை தூக்கிக்கொண்டும் வந்துவிட்டார். லூர்துமேரி அவசர அவசரமாகக் கதவை அகலத் திறந்துவிட்டு ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

அதற்கு மேல் அவருக்குக் கால் நகரவில்லை. திரும்பி வந்து கட்டிலிலேயே வைத்துவிட்டார்.

"வேணாம்மா. இத எடுத்துட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காது. இங்கயே இருக்கட்டும். அவரே உங்க கூட இருக்குற மாதிரி இருக்கும்."

லூர்துமேரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ சார், சும்மாவே குடுக்கறேன், எடுத்துட்டுப் போங்க!"

"அழாதீங்கம்மா. போகப் போக மனசு ஆறிடும்." கண்ணைத் துடைத்தபடி படியிறங்கினார். எத்தனை வருஷத்து ஆசை! விட்டுக்கொடுத்தது வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் தன் நல்ல மனசை நினைத்துத் தனக்கே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே லூர்துமேரியின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவளுக்கு முகம் வெளிறிப்போனது. போர்வை மூட்டையை அப்படியே வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"நில்லுங்க சார்! எங்க வீட்டுக்காரரு இன்னொரு ரேடியோவ வாங்கிக்கிட்டுத் திண்டிவனத்துல பஸ் ஏறிட்டாராம்!"